பூஜையில் வைத்த சாவி

“நாளைக்கு சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு சுஹாஸ் வரணும். அந்த கியர் நாப்பை மாத்தினது நான்தான், திருகை முடுக்காம விட்டதும் நான்தான்னு ஜட்ஜ் முன்னாடி சொல்லணும்.”

கேட்டுவிட்டேன். சுஹாஸின் அம்மா நீரஜா மேடம் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது. சுவரோரமாக நின்றிருந்த அப்பா “அன்பு” என்றார்.

நாலு மாதமாக அப்பா என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் இது. வக்கீலைத் திட்டு, போலீஸைத் திட்டு, என்னைக்கூடத் திட்டு. அந்த வீட்டில் போய் சுஹாஸ் தம்பி பெயரை மட்டும் எடுக்காதே. “அத்த மட்டும் கேக்காத மா. கேட்டியானா அந்த வாசப்படிய நான் ஏற முடியாது.” வாசற்படி ஏறுவதுதான் அவருக்குப் பெரிது. ஜெயில் அதற்கு அடுத்தது.

என் அப்பா கோதண்டபாணி இந்த வீட்டில் பத்தொன்பது வருஷம் டிரைவர். வீடு மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். நாங்கள் முதலில் சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தின் ஓரம் இருந்தோம். அப்பா சைக்கிளில் வந்துவிடுவார். எங்கள் வீடுகளை இடித்து, எங்களைப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டிடங்களில் கொண்டுபோய் அடைத்த பிறகு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார். ஆறு மணிக்குக் கார் துடைத்தாக வேண்டும். ஒரு நாள் தாமதமில்லை. “எங்க கோதண்டபாணி மாதிரி ஒரு மனுஷன் கெடைக்கணுமே” என்று நீரஜா மேடம் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். எங்க. அந்த வார்த்தையைச் சின்ன வயதில் கேட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நான் பி.இ. மெக்கானிக்கல். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தாலுகா ஆபீஸில் அதற்குச் சான்றிதழ் தருவார்கள், வைத்திருக்கிறேன். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. அசெம்பிளி முடிந்து வரும் பம்புகளில் ஒவ்வொரு போல்ட்டும் சொன்ன அளவுக்கு முடுக்கியிருக்கிறதா என்று பார்த்து ஒரு பச்சைப் புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு புள்ளி வைக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

“என்னம்மா இது திடீர்னு?” நீரஜா மேடம் டம்ளரை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வீணை டீச்சர். யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. “அம்பி எல்லாம் பேசி வச்சிருக்கான். முதல் நாளே ஒத்துண்டுட்டா, வயசானவர், இதுக்கு முன்னாடி ஒரு கேஸ் கெடையாதுன்னு எடுத்துச் சொல்லி அபராதத்தோட முடிச்சுடலாங்கறான்.” அம்பி அவருடைய தம்பி, வக்கீல். “நீ படிச்ச பொண்ணு. உனக்கு நான் சொல்லணுமா?”

“முடியலைன்னா?”

“என்ன முடியலைன்னா?”

“அபராதத்தோட முடியலைன்னா? அஞ்சு வருஷம் வரைக்கும் போடலாம்னு சட்டத்துல இருக்கு மேடம். படிச்ச பொண்ணுதானே, படிச்சுப் பாத்தேன்.”

“இன்னா மா பேச்சு இது, அம்மாகிட்ட போயி” என்றார் அப்பா. பிறகு மேடத்தைப் பார்த்து, “சின்னப் பொண்ணு மா, ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க. கோர்ட்டு கோர்ட்டுனு பயந்துக்கினு கீது” என்றார். அவர் எனக்காகச் சிரிக்க வேறு செய்தார். லைசென்ஸைப் பிடுங்கி நாலு மாதம் ஆகிறது. இன்றைக்கும் ஆறு மணிக்கு வந்து, ஓட்டக் கூடாத காரைத் துடைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, மாடியில் காய்ந்த துணியை மடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

உள்ளறைக் கதவு திறந்தது. சுஹாஸ் வந்தான். முப்பது வயது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, கழுத்தில் ஹெட்போன். “என்னம்மா பிரச்சனை?” என்று அம்மாவிடம் கேட்டான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். சின்ன வயதில் இவனை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறேன்.

பிரச்சனை இதுதான்.

சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் சுஹாஸ் ஆன்லைனில் ஒரு கியர் நாப், அதாவது கியர் தண்டின் தலையில் இருக்கும் பிடி, வாங்கினான். காரில் இருந்த பழையதற்குத் தோல் உரிந்து, கை வைத்தால் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. புதியது வெறும் எஃகு உருண்டை. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, கையில் வைத்தால் நல்ல கனம். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் கால்மணி நேர வேலை. வீட்டிலேயே மாற்றலாம் என்று போனில் எவனோ காட்டியிருந்தான். பழைய நாப் மரையில் சுற்றி மாட்டுவது. எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்று வந்துவிடும். புதியது அப்படி இல்லை. கியர் தண்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டு, அதன்மேல் உருண்டையைச் செருகி, பக்கவாட்டில் இருக்கும் மூன்று சின்னத் திருகுகளை முடுக்க வேண்டும். அந்தத் திருகுக்கு ஸ்க்ரூ டிரைவர் ஆகாது. எல் மாதிரி வளைந்த ஒரு சின்னச் சாவி, ஆலன் கீ, டப்பாவிலேயே கொடுத்திருந்தார்கள்.

பூஜை நாள் காலையில் போர்ட்டிகோவில் நின்ற காருக்குள் உட்கார்ந்து சுஹாஸ் மாற்றினான். உருண்டையைச் செருகி, மூன்று திருகையும் விரலால் உள்ளே ஏற்றிவிட்டான். சாவியை எடுக்கும்போது நீரஜா மேடம் தாம்பாளத்தோடு வந்தார். காரின் டூல்ஸ் பை, ஸ்பேனர், ஜாக்கி கம்பி எல்லாம் அவருடைய வீணைக்கும் சுருதிப் பெட்டிக்கும் பக்கத்தில் போக வேண்டும். நேரம் ஆகிவிட்டது. அந்தச் சாவியையும் வாங்கித் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை முடியும்வரை தொடக் கூடாது. புத்தகமானாலும் சரி, ஸ்பேனரானாலும் சரி. அந்த வீட்டில் இது ஒரு வருஷமும் பிசகியதில்லை. நாங்களும் ஆயுத பூஜை போடுகிறவர்கள்தான். என் அம்மா ரத்னா அரிவாள்மனைக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, அரைமணி கழித்து அதிலேயே வெங்காயம் நறுக்குவாள். எங்கள் சாமிக்கு அவ்வளவு நேரம் போதும்.

மறுநாள் காலை ஆறரைக்கு, அடையாறில் இருக்கும் தன் தங்கையை அழைத்துவரச் சொல்லி அப்பாவைக் காரோடு அனுப்பினார் நீரஜா மேடம். தங்கை வந்த பிறகுதான் புனர்பூஜை. மந்தைவெளி சிக்னலுக்கு முன்னால் அப்பா இரண்டாவது கியருக்கு இழுத்தபோது உருண்டை கையோடு வந்துவிட்டது. நழுவிக் காலடியில் விழுந்து, உருண்டு, பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்தது. மிதித்தார். பிரேக் இறங்கவில்லை.

எதிரே சைக்கிளில் வந்தவர் பெயர் வலியுல்லா. ஐம்பத்தெட்டு வயது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாட்ச்மேன். ஷிஃப்ட் முடிந்து மீர்சாகிப்பேட்டையில் இருக்கும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

உருண்டை பிரேக்குக்கு அடியில் போன கதையை அப்பா எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார், ஸ்டேஷன் ஜாமீனில் வந்த அன்றைக்கு. போலீஸில் எழுதிக் கொடுத்தது வேறு. ‘கண் அசந்துவிட்டேன்.’ காரைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, கியர் சரி, வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். எப்படி எழுதாமல் இருப்பார்? அவர் பார்க்கும்போது காரில் இருந்தது தோல் உரிந்த பழைய நாப். கழற்றிய பிறகு அது டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்தது அப்பா சொல்லி எனக்குத் தெரியும். விபத்து நடந்த இடத்திலிருந்து காரை ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனது சுஹாஸ். வழியில் நிறுத்தி மாற்றியிருக்கிறான் என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைத்தான் இப்போது அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “நாப்பை மாத்தினது நீ. கழண்டு விழுந்து ஒரு மனுஷன் செத்த பிறகு, பழசை எடுத்து மாட்டினதும் நீ.”

‘நீ’ என்றதில் அப்பா சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

சுஹாஸ் அம்மாவைப் பார்த்தான். நீரஜா மேடம் கண்ணை மூடித் திறந்தார். “அன்பு, இதெல்லாம் யாரும் பாக்கல. நீயாப் பேசிண்டு போகாதே. போன வருஷம் காலேஜ் முடிச்சுட்டு வந்து இதே எடத்துல நின்னு நமஸ்காரம் பண்ணினியே, ஞாபகம் இருக்கா? பிரின்சிபாலுக்கு நான் லெட்டர் குடுக்கலைன்னா...”

“என் மார்க்குக்கு அந்த சீட்டு வந்துது மேடம்.”

“வந்துதான் இருக்கும். நான் இல்லேங்கல.”

“லெட்டர் குடுத்தீங்க. சந்தோஷம். அதுக்கு எங்கப்பா உள்ள போய் உக்காரணுமா?”

“வாய மூடு அன்பு!” அப்பா கத்தினார். அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவும் என்மேல்.

நான் போனை எடுத்தேன். பூஜை நாள் காலையில் எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அப்பா போட்ட வீடியோ. நாற்பத்தொரு நொடி. புதுசாக எது வந்தாலும் எடுத்துப் போடுவார். காருக்கு சீட் கவர் மாற்றினால்கூட. நாங்கள் பார்த்துச் சிரிப்போம். சத்தத்தைக் கூட்டி மேஜைமேல் வைத்தேன்.

முதலில் அப்பாவின் குரல்: “அன்பு, பாரு மா, நம்ம வண்டிக்கி புது நாப்பு. தம்பி மாட்டிக்கினு கீறாரு.” திரையில் சுஹாஸின் கை, உருண்டை, மூன்று திருகுகள். அப்புறம் திரைக்கு வெளியிலிருந்து நீரஜா மேடம்: “அதையும் இதுல வை, எல்லா ஆயுதமும் வரணும்.” சுஹாஸ்: “அம்மா, இன்னும் டைட்டே பண்ணலைம்மா.” “நாளைக்குப் புனர்பூஜை ஆனதும் பண்ணிக்கோ. ஓடியா போயிடும்?” கை சாவியை நீட்டுகிறது. தாம்பாளம் வாங்கிக்கொள்கிறது. அப்பா சிரிக்கிறார். “கையாலயே சோக்கா புடிச்சிக்கினு கீது மா, நீங்க போங்க.” கடைசியில் அப்பாவின் விரல் அந்த உருண்டைக்குக் குங்குமம் வைக்கிறது.

வீடியோவுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் இருக்கிறது. அது நான் போட்டது. அன்றைக்கு விடுமுறை. படுத்துக்கொண்டே பார்த்தேன். ‘இன்னும் டைட் பண்ணலை’ என்பது என் காதில் விழுந்தது. சத்தியமாக விழுந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு போல்ட் பார்க்கிறவள் நான். கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டேன்.

மாடியில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. சுஹாஸ்தான் முதலில் வாய் திறந்தான். கோபமாக இல்லை. களைத்துப்போன குரல்.

“சரி. நான்தான் மாத்தினேன். டைட் பண்ணலை. அதை இல்லேன்னு சொல்லல. ஆனா மீதியையும் தெரிஞ்சுக்கோ. அன்னைக்குக் கார்த்தால வண்டியை எடுக்கறச்சே உங்கப்பாவே வந்து சொன்னார், நாப் ஆடறதுன்னு. அம்மாதான், சாவி பூஜைல இருக்கு, எடுக்கப்படாது, மெதுவாப் போயிட்டு வாங்கோன்னா. அவர் சரின்னுட்டு எடுத்துண்டு போனார்.”

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“சொல்லிட்டு எதுக்கு எடுத்த? ஆடுது, எடுக்க மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?”

“பத்தொம்போது வருசத்துல அப்டி ஒரு வாட்டி சொன்னதில்ல மா.” பெருமையாகச் சொன்னாரா, வெட்கமாகச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

“அது மட்டும் இல்ல” என்றான் சுஹாஸ்.

“தம்பி, வோணாம்” என்றார் அப்பா.

“இல்ல கோதண்டபாணி, அவ என்னைத் திருடன் மாதிரி பேசறா. நான் போன் வந்து ஸ்கூட்டர்ல மந்தைவெளிக்குப் போறச்சே கார்ல பழைய நாப்தான் இருந்துது. நான் தொடவே இல்ல. புதுசு உங்கப்பா பாக்கெட்ல இருந்துது. என் கையில குடுத்து, எங்கேயாவது போட்டுடுங்க தம்பின்னார். அடையாறு பாலத்துலேர்ந்து ஆத்துல போட்டேன். சரியா? அதான் நான் பண்ணினது.”

எனக்கு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசல் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து யாராவது போக வேண்டும் என்று நான்தான் போயிருந்தேன். வலியுல்லாவின் மனைவி அன்வரி பேகம் தரையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஜுவேரியாவுக்கு என் வயது, தி. நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். நான் யார் என்று தெரிந்தும் அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். “உங்கப்பா ரொம்ப நேரம் வண்டிய விட்டு எறங்கவே இல்லையாமே. உள்ளயே குனிஞ்சிக்கினு இருந்தாராம். பாத்தவங்க சொன்னாங்க. பயந்துட்டாரா?”

ஆமாம், பயந்துவிட்டார் என்று சொன்னேன். அவள் என் நம்பரை வாங்கிக்கொண்டாள். கேஸ் பற்றி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றாள்.

“எப்ப மாத்துன?” அப்பாவிடம் கேட்டேன்.

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

“அந்த மனுஷனை ஆம்புலன்ஸ்ல ஏத்துனப்புறமா, முன்னாடியா?”

“ஆம்புலன்ஸ் வர நேரமாயிச்சி மா.”

“அதனால?”

“இன்னும் ஜனம் சேரல. ரெண்டு பேருதான் ஓடியாந்துகினு இருந்தாங்க. பிரேக்குக்கு அடில கைய உட்டு அத்த எடுத்தேன். பொட்டில பழசு கெடந்திச்சி. மரைதான, சுத்தி மாட்டிட்டேன். அர நிமிசம் ஆயிருக்காது.”

“அவரு?”

“ரோட்டுல கெடந்தாரு.”

“உயிரோடயா?”

அப்பா தன் கையைப் பார்த்தார். “தண்ணி கேட்டாரு.”

“குடுத்தியா?”

“மாட்டிட்டு குடுத்தேன் மா.”

நீரஜா மேடம் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். இது அவருக்கும் புதிது என்று தெரிந்தது. சுஹாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஏம்ப்பா?” என்றேன். “எதுக்கு?”

“தம்பி பேரு வந்துரும்னு தோணிச்சி. வேற ஒண்ணும் தோணல.”

அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. என்னைப் பெற்றவரை. அந்த அரை நிமிஷத்தில் அவருக்கு நான் தோன்றவில்லை, அம்மா தோன்றவில்லை, தன் லைசென்ஸ் தோன்றவில்லை, ரோட்டில் கிடந்தவர் தோன்றவில்லை. யாரும் அவரை மிரட்டவில்லை, யாரும் கேட்கவில்லை. அவரே குனிந்தார், எடுத்தார், மாட்டினார்.

“நாங்க சொல்லலையே அன்பு” என்றார் நீரஜா மேடம், மெதுவாக. “அவராத்தானே...”

“நீங்க சொல்லணும்னே இல்லையே மேடம்.”

“நான் என்னடி தப்புப் பண்ணினேன்? பூஜைல வச்சதை எடுக்கப்படாதுன்னேன். எங்கம்மா சொன்னா, நான் சொன்னேன். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?” அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தக் கண்ணீர் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. “இப்போ அந்த வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டினா யாருக்கு லாபம்? யோசிச்சுப் பாரு. நாப்பை மாத்தி வச்சது உங்கப்பா. ஆதாரத்தை மறைச்சதா அது தனிக் கேஸ் ஆயிடும். இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சான்னா அந்தப் பொம்மனாட்டிக்கும் வர வேண்டியது வராது. எல்லாருக்கும் நஷ்டம். ஒத்துண்டு போயிட்டா ஒரே ஆளோட முடியும்.”

“அந்த ஒரே ஆளு எங்கப்பா.”

“அவரே சம்மதிச்சுட்டாரேம்மா.”

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதை நான் மறுக்கவில்லை. அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது என் கணக்கு சுலபமாக இருந்தது: சுஹாஸ் குற்றவாளி, அப்பா அப்பாவி. சுஹாஸ் வாயைத் திறந்தால் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார். இப்போது அப்படி யாரும் வீட்டுக்கு வரப் போவதில்லை. வீடியோ வெளியே போனால் சுஹாஸும் போவான், அவன் அம்மாவும் கூண்டில் ஏறுவார், அப்பா இன்னும் அதிகமாக மாட்டிக்கொள்வார். டைட் பண்ணவில்லை என்று கேட்ட பிறகும் கட்டைவிரல் போட்ட இன்ஜினியர் யார் என்று என்னையும் கேட்பார்கள். போகாவிட்டால், கண் அசந்த ஒரு கிழட்டு டிரைவர் ஒரு வாட்ச்மேனைக் கொன்றான் என்று எழுதி மூடிவிடுவார்கள். ஜுவேரியா சாகும்வரை, தன் அப்பா தண்ணீர் கேட்ட நேரத்தில் டிரைவர் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பொய்யை அவளுக்குச் சொன்னவள் நான்.

போனை எடுத்துக் கைப்பையில் போட்டேன். காபி ஆடை கட்டியிருந்தது.

“எங்கே போறே?” என்றான் சுஹாஸ்.

“நீ வரியா? வந்தா கூட்டிக்கினு போறேன்.” அவர்கள் வீட்டில் பேசும்போது நான் ஜாக்கிரதையாக ஒதுக்கிவைக்கும் எங்கள் வீட்டுப் பேச்சு அது. வந்துவிட்டது.

அவன் வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான், பிறகு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். “நாளைக்குக் கார்த்தால எனக்குக் கிளையண்ட் கால் இருக்கு” என்றான். அதைச் சொன்னதும் அவன் முகம் போன விதத்தைப் பார்த்தால், சொன்னதை அவனே எதிர்பார்க்கவில்லை என்று தோன்றியது.

“கோதண்டபாணி, அவளை நிறுத்துங்கோ” என்றார் நீரஜா மேடம்.

போர்ட்டிகோவைத் தாண்டி கேட்டுக்கு வருவதற்குள் அப்பா எனக்கு முன்னால் போய்விட்டார். கேட்டின் தாழ்ப்பாள்மேல் கையை வைத்து நின்றார். மூச்சு வாங்கியது. கைலியும், மேடம் கொடுத்த பழைய சட்டையும். டிரைவர் வெள்ளைச் சட்டை போடுவதை நிறுத்தி நாலு மாதம்.

“அழிச்சிடு மா. காலு புடிக்கிறேன்.”

“நகரு.”

“உங்கம்மாக்கு இன்னா சொல்லுவ? நீயே புடிச்சிக் குடுத்தேன்னு சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“உன் வேலயும் பூடும். நீயும்தான வெரலு போட்டு கீற அதுல.”

“போகட்டும். நகருப்பா.”

“அவங்க ஊட்டுக்கா போற? இன்னான்னு சொல்லுவ அந்தப் பொண்ணுகிட்ட?”

“நடந்தத சொல்லுவேன். தண்ணிய சொல்லுவேன்.”

அப்பா திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். கூடத்திலிருந்து நீரஜா மேடம் மறுபடியும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பழக்கம், “வந்துட்டேன் மா” என்று அந்தப் பக்கம் திரும்பினார். திரும்பியபோது கை தாழ்ப்பாளிலிருந்து எடுபட்டது.

தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சந்து முனையில் வீணைப் பையோடு இரண்டு சிறுமிகள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள், ஒதுங்கி வழிவிட்டேன். கச்சேரி ரோட்டுப் பக்கம் திரும்பும்போது ஜுவேரியாவின் நம்பரை அழுத்தினேன். மீர்சாகிப்பேட்டையில் எந்தத் தெரு என்று கேட்டேன். ஏன் என்றாள். வந்து சொல்கிறேன், உங்கள் அம்மாவும் இருக்கட்டும் என்றேன்.

ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து மெதுவாக ஊர்ந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன்.